வெர்னா ஹால்வர்சனின் மாத்திரை

நூலகக் கதவைத் தள்ளிக்கொண்டு ஆர்வில் ஹால்வர்சன் உள்ளே வந்தபோது என் வாய் நிறைய மார்லிஸ் சுட்ட எலுமிச்சை கேக் இருந்தது. அவர் மிதியடியில் பூட்ஸைத் தட்டிப் பனியை உதறினார், தொப்பியைக் கழற்றினார், என்னைப் பார்த்ததும் திரும்பப் போட்டுக்கொண்டார், பிறகு என்ன நினைத்தாரோ மறுபடி கழற்றினார். கையில் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பை. அதற்குள் மாத்திரை டப்பாக்கள் கிலுகிலுத்தன. எங்கள் ஊரில் ரொட்டிப் பையை யாரும் எறிவதில்லை. சின்ன வயதில் அதைக் காலில் மாட்டி, மேலே பூட்ஸ் போட்டுக்கொண்டு பனியில் விளையாடுவோம். வயதான பிறகு அதில் மாத்திரைகளைச் சுமப்போம். "நேரமாயிடுச்சா?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை, என் தலைக்கு மேலே தொங்கிய கடிகாரத்தைக் கேட்டார். கேக்கை அவசரமாக விழுங்கி நெஞ்சை அடைத்துக்கொண்டு, நாற்காலியைக் கையால் காட்டினேன்.

அன்று டிசம்பர் ஏழு, வெள்ளிக்கிழமை. அறுபத்தைந்து தாண்டிய எங்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவை அரசாங்கக் காப்பீடு பார்த்துக்கொள்ளும். மாத்திரைக்கு மட்டும் தனியாக ஒரு காப்பீடு எடுக்க வேண்டும். அதை விற்பதற்கு ஏகப்பட்ட கம்பெனிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை, ஒவ்வொன்றுக்கும் பிடித்த மருந்துக்கடை, பிடிக்காத மருந்துக்கடை. அக்டோபர் நடுவில் கதவைத் திறப்பார்கள், டிசம்பர் ஏழோடு சாத்திவிடுவார்கள். விட்டவர்கள் அடுத்த வருஷம்வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்தச் சில வாரங்கள் நானும் மார்லிஸும் நூலகத்தின் மூலையில் ஆளுக்கொரு கம்ப்யூட்டரோடு உட்கார்ந்து, வருகிறவர்களின் மாத்திரைகளை ஒவ்வொன்றாக ஏற்றி, யாருக்கு எந்தத் திட்டம் ஒத்துவரும் என்று பார்த்துச் சொல்வோம். சம்பளம் கிடையாது, காபி உண்டு. மார்லிஸ் தபால் நிலையத்தில் இருந்தவள். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். கடைசி இருக்கைவரை கேட்கும்படி பேசிப் பழகிய குரலை இந்த நூலகத்துக்காக நான் அடக்குகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

இந்த வேலையில் இன்னொரு பாடும் உண்டு. ஊரில் யாருக்கு என்ன வியாதி என்று எனக்குத் தெரியும். பாதிரியார் எதற்கு மாத்திரை போடுகிறார், வங்கி மேனேஜர் ராத்திரி தூங்குவதற்கு என்ன விழுங்குகிறார், எல்லாம் தெரியும். வெளியே மூச்சு விடக்கூடாது. பயிற்சியின்போதே இதுதான் விதி என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார்கள்: தேவையானதை மட்டும் கேளுங்கள், தேவையில்லாததைக் கேட்காதீர்கள், கேட்டதை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். வம்பு பேசாவிட்டால் சோறு இறங்காத என்னை இப்படிப்பட்ட வேலையில் உட்கார வைத்தது யாருடைய வேடிக்கையோ.

ஆர்வில் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தாத்தாக்கள் நார்வேயிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியபோது கூடவே கொண்டுவந்த வழக்கம். யாராவது எதையாவது கொடுத்தால் முதல் தடவை வேண்டாம் என்போம். இரண்டாம் தடவை கேட்டால், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்போம். மூன்றாம் தடவை கேட்டால் எடுத்துக்கொள்வோம். காபியானாலும் இதுதான், கல்யாணமானாலும் இதுதான். என் வீட்டுக்காரர் டேல் என்னை மூன்று தடவை கேட்டுத்தான் கட்டிக்கொண்டார், அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாயிற்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால், சர்ச்சின் நிலவறைச் சமையலறையில், இறைச்சி உருண்டை விருந்து முடிந்து நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன், ஆர்வில் துடைத்துக்கொண்டிருந்தார். ஆள் வாயைத் திறப்பதே அபூர்வம். திடீரென்று, "வெள்ளிக்கிழமை பைன் பாயிண்ட் ஓட்டல்ல மீன் வறுவல் சாப்பிடப் போலாமா?" என்றார். எனக்குக் கழுத்துவரை சூடேறியது. மரியாதைப்படி, "ஐயய்யோ, வேண்டாங்க" என்றேன். அவர் "சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுத்தார்.

அவ்வளவுதான். நான் சோப்பு நுரைக்குள் கையை வைத்துக்கொண்டு இரண்டாவது தடவைக்காகக் காத்திருந்தேன். தட்டு தீர்ந்தது, கரண்டி தீர்ந்தது, விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனோம். அதற்கப்புறம் அவரை எத்தனையோ இடத்தில் பார்த்தாகிவிட்டது, வணக்கத்துக்கு வணக்கம், சிரிப்புக்குச் சிரிப்பு, அந்த இரண்டாவது தடவை மட்டும் வரவில்லை. மறுத்தவளே போய்க் கேட்பது எங்கள் வழக்கத்தில் கிடையாது. ஹால்வர்சன் குடும்பத்தில் பிறந்த மனுஷனுக்கு மூன்று தடவைக் கணக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று நான் மார்லிஸிடம் புலம்பினேன். "அந்தாளு வாழ்நாள் பூரா மாட்டோட இருந்தவருடி. மாடு என்னிக்கு வேண்டாம்னு சொல்லிருக்கு?" என்றாள் அவள்.

மாட்டையெல்லாம் விற்றுவிட்டார். இப்போது அவரும் ஒரு நாயும்தான். அந்த நாய்க்குப் பெயர்கூட வைக்காத மனுஷன். "ஏ பொண்ணே" என்பார், அது வரும். ஊரும் அதைப் பொண்ணு என்றே கூப்பிடும்.

"அட்டை குடுங்க" என்றேன். சிவப்பு, வெள்ளை, நீலக் கோடு போட்ட அரசாங்கக் காப்பீட்டு அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். புத்தம் புதுசாக இருந்தது. வாங்கி ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும், வெளியே எடுத்ததில்லை. மாத்திரைக் காப்பீடு எடுத்தாயா என்று யார் கேட்டாலும், மாத்திரையே போடாதவனுக்கு எதற்குக் காப்பீடு என்று தீவனக் கடையில் நின்று பெருமை அடித்தவர் இவர். இந்த இலையுதிர் காலத்தில் பக்கத்துப் பண்ணையில் வைக்கோல் கட்டைத் தூக்கும்போது நெஞ்சு தாறுமாறாகத் துடித்திருக்கிறது. டாக்டர் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று என்று எழுதிவிட்டார். முதலாவது யானை விலை. டாக்டரே இரக்கப்பட்டு, கம்பெனிக்காரர்கள் சும்மா கொடுத்துவிட்டுப் போன டப்பாக்களை எடுத்துக் கொடுத்திருந்தார். அதுவும் அடி தட்டிவிட்டது.

"இது ஒரு நாளைக்கு ரெண்டுன்னு போட்டிருக்கு. எப்படிச் சாப்பிடறீங்க?"

"காலைல ஒண்ணு."

"ராத்திரி?"

"ராத்திரி நல்லாத்தானே இருக்கேன்."

சாயங்காலம் ஆனால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நாற்காலியில் தனியாகக் கிடக்கிற ஆர்வில் என் கண்முன் வந்துபோனார். "இது தலைவலி மாத்திரை இல்லங்க. மிச்சம் பிடிக்கறேன்னு பாதிய விழுங்கினா ஒரு நாளைக்கு வாய் கோணிக்கிட்டு, கை இழுத்துக்கிட்டு விழுவீங்க. யாரு பாத்து யாரு தூக்கறது?" என்றேன். குரல் பஸ் குரலாகிவிட்டது. பக்கத்து மேஜையில் மார்லிஸ் தொண்டையைக் கனைத்தாள். ஆர்வில் மேஜையைப் பார்த்துக்கொண்டே, "இனிமே ரெண்டு போடறேன்" என்றார். பள்ளிக்கூடப் பையன் சொல்வது போலிருந்தது. எனக்கு அப்போது அவரை அடிக்கவும் தோன்றியது, தலையைத் தடவிக் கொடுக்கவும் தோன்றியது.

இரண்டையும் ஏற்றினேன். பையில் இன்னொரு டப்பா இருந்தது, எடுத்தேன். தைராய்டு மாத்திரை. ஊரில் பாதிப் பெண்களுக்கு இதே மாத்திரைதான், தூக்கத்தில்கூட எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியும். ஆனால் டப்பாவின்மேல் ஒட்டியிருந்த பெயரைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தேன்.

வெர்னா ஹால்வர்சன்.

என் பெயர் வெர்னா டாலஃப்சன். வெர்னா ஹால்வர்சன் என்று ஒருத்தி இந்த உலகத்தில் கிடையாது, எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் தட்டு கழுவிய அந்த ராத்திரி வீட்டுக்குப் போய், இந்த வயதில் வெட்கமே இல்லாமல், அந்தப் பெயரை நான் வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். முதலில் ஒரு நொடி என் நெஞ்சு குதித்தது. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எனக்கும் வேண்டியிருக்கும்போல. அடுத்த நொடி புத்தி வந்தது. இது மருந்துக்கடைக்காரன் அச்சடித்த பெயர். அச்சடித்தான் என்றால் ஆள் இருக்கிறாள். எங்கேயோ ஒரு வெர்னாவைப் பிடித்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அவள் முதல் தடவையிலேயே சரி என்று சொல்லியிருப்பாள்.

"இது... உங்களோடது இல்லையே?" என்றேன்.

ஆர்விலின் காது இரண்டும் சிவந்தன. டப்பாவைப் பிடுங்கப் போவது போல் கையை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டார். "தப்பா வந்துடுச்சு. அலமாரில எல்லாம் ஒண்ணா இருந்துச்சு. அது... வீட்ல இருக்கறவளோடது."

வீட்ல இருக்கறவள். நான் கீபோர்டைப் பார்த்தேன். தேவையானதை மட்டும் கேளுங்கள். சரி, எது தேவை? எழுந்து போய் ஜன்னல் ஓரமாக நின்று கொஞ்சம் அழுதுவிட்டு வந்தால் தேவலை. ஆனால் பஸ் ஓட்டியவள், பாதி வழியில் வண்டியை விட்டுவிட்டு இறங்கிப் பழக்கமில்லை. "அவங்களுக்கும் சேத்துப் பாத்துடலாமா? இன்னிக்குத்தான் கடைசி நாள்" என்றேன். எவ்வளவு மரியாதை என் குரலில்!

"அவளுக்கு வேண்டாங்க."

"ஏன், அவங்களுக்கு வேற காப்பீடு இருக்கா?"

"அவளுக்கு அதெல்லாம் கிடையாது."

எனக்குப் பொறாமை போன இடம் தெரியவில்லை, கோபம் வந்துவிட்டது. தான் மட்டும் வந்து உட்கார்ந்து சேர்ந்துகொள்வானாம், வீட்டில் இருக்கிற பெண்பிள்ளைக்கு ஒன்றும் வேண்டாமாம். அவள் யாராக இருந்தால் என்ன, என் பெயரை வைத்திருக்கிறாள். "ஆர்வில், அவங்க உடம்புக்கு என்ன?" என்றேன். இது தேவையான கேள்வி இல்லை. விதி பக்கத்து மேஜையிலிருந்து என்னை முறைத்தது, மார்லிஸ் உருவத்தில்.

"குண்டாயிட்டா" என்றார் அவர் தயங்கித் தயங்கி. "நாள் பூரா தூங்கறா. முடி கொத்துக் கொத்தாக் கொட்டுது. சோபால ஏறக்கூட முடியல, நான்தான் தூக்கி வைக்கறேன்."

"தூக்கி வைக்கறீங்களா? இந்த நெஞ்சை வெச்சுக்கிட்டா?"

"இப்ப பரவால்ல. மாத்திரை குடுத்ததுலேர்ந்து தேறிட்டா."

டப்பாவைத் திருப்பி அளவைப் பார்த்தேன். காலையில் மூன்று, ராத்திரி மூன்று. இதே மாத்திரையை எங்கள் ஊர்ப் பெண்கள் காலையில் ஒன்று போட்டுக்கொண்டு ராத்திரிவரை தாக்குப்பிடிக்கிறார்கள். ஒருவேளை சரியாகப் படிக்கவில்லையோ என்று கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்தேன். இவ்வளவு அளவா, நிச்சயம்தானா என்று அது சிவப்பு எழுத்தில் என்னைக் கேட்டது. இந்த வெர்னா எவ்வளவு பெரிய பொம்பளையாக இருப்பாள்! பாவம், டாக்டர் எங்கேயோ தப்பு பண்ணியிருக்கிறார், இவருக்கு அது தெரியவில்லை, அவளுக்கு ஏதாவது ஆகிவிடப்போகிறது. என் போட்டிக்காரிக்காக நான் பதறியது எனக்கே விசித்திரமாக இருந்தது.

"இது ரொம்ப அதிகம். நான் அவங்ககிட்ட பேசணும். எங்க இருக்காங்க?"

"வெளில வண்டில."

"வண்டிலயா?"

"ஹீட்டர் போட்டுத்தான் வெச்சிருக்கேன். உள்ள விட மாட்டாங்கன்னு..."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. வெளியே தண்ணீர் குழாயிலேயே உறைந்துபோகிற குளிர். உடம்பு சரியில்லாத ஒரு பொம்பளையை லாரி மாதிரி ஒரு பிக்கப்பில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே விட மாட்டார்களாம்! குண்டாக இருந்தால் நூலகத்தில் விட மாட்டார்களா? நான் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "அறிவிருக்காய்யா உனக்கு?" என்றேன். ஆர்விலை நான் அதுவரை நீ என்று சொன்னதில்லை. கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் தலையைத் தூக்கினார்கள். கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, போடக்கூட நேரமில்லாமல், கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனேன். பின்னால் ஆர்வில், "வெர்னா, இருங்க, வெர்னா, நான் சொல்றேன்" என்று வழுக்கி வழுக்கி ஓடிவந்தார்.

வண்டியின் ஜன்னலெல்லாம் ஆவி படிந்திருந்தது. உள்ளே ஏதோ பெரிய உருவம் தெரிந்தது, மேலே கம்பளி போர்த்தியிருந்தது. நான் கதவைத் திறந்து, "அம்மா, மன்னிச்சுக்கோங்க, இந்தாளுக்கு ஒண்ணும் தெரியல, நீங்க உள்ள வாங்க" என்றேன்.

நாய் என் முகத்தை நக்கியது.

அது பொண்ணுதான். கம்பளிக்குள் பொதபொதவென்று, முதுகில் அங்கங்கே முடி கொட்டின இடத்தில் புதுமுடி முளைத்துக்கொண்டிருக்க, வாலால் இருக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் அதைத் தாண்டி உள்ளே பார்த்தேன். வேறு யாரும் இல்லை. திரும்பி ஆர்விலைப் பார்த்தேன். அவர் தொப்பியை இரண்டு கையாலும் பிழிந்துகொண்டு நின்றார், தலையில் பனி விழுந்துகொண்டிருந்தது.

"எங்கய்யா அவங்க?"

"அதான்" என்று நாயைக் காட்டினார்.

எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நாய்க்கு மாத்திரை எழுதினால், அதையும் நமக்கு மாத்திரை வாங்குகிற மருந்துக்கடையில்தான் எல்லோரும் வாங்குவோம், விலை மலிவு. கடைக்காரன் நாயின் பெயரையும் வீட்டுக்காரரின் குடும்பப் பெயரையும் சேர்த்து அச்சடித்து ஒட்டுவான். என் அக்கா வீட்டுப் பூனைக்கு அப்படித்தான் மருந்து வந்தது. அது இந்தக் குளிரில் வந்து என் மண்டையில் உறைத்ததும், காலையில் மூன்று ராத்திரி மூன்று, சோபாவில் தூக்கி வைப்பது, எல்லாம் வரிசையாகப் புரிந்தது. ஒன்று மட்டும் புரியவில்லை.

"இதுக்குத்தான் பேரே கிடையாதே" என்றேன்.

"ஆமா. நாய் டாக்டரம்மா பேரு கேட்டாங்க. பொண்ணுன்னேன். அது பேரு இல்ல, கம்ப்யூட்டர் ஏத்துக்காது, சரியான பேரு சொல்லுங்கன்னாங்க." ஆர்வில் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. "பின்னாடி பூனைய வெச்சுக்கிட்டு நாலு பேரு நின்னாங்க. எல்லாரும் என்னையே பாக்கறாங்க. அவசரத்துல வாயில வந்தத சொல்லிட்டேன்."

"உலகத்துல வேற பேரே இல்லையா? டெய்சி, லேடி, ராணின்னு..."

"எனக்கு வேற பேரு ஞாபகம் வரல, வெர்னா."

பனி விழுகிற சத்தம் என்று ஒன்று உண்டா தெரியாது, அப்போது எனக்குக் கேட்டது. நாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. நான் சிரித்தேனா அழுதேனா என்று பிறகு மார்லிஸைக் கேட்டேன், இரண்டும்தான் என்றாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நான் வாயைத் திறக்கும்போது அவள் நூலகக் கதவைத் திறந்துகொண்டு கத்தினாள்.

"ஏ வெர்னா! ரொம்ப நேரம் தொடாம விட்டதுக்கு கம்ப்யூட்டர் உன்ன வெளிய தள்ளிடுச்சுடி! மறுபடி முதல்லேர்ந்து ஏத்தணும், நூலகத்த சாத்தப் போறாங்க!"

திரும்ப ஓடினோம். பொண்ணையும் கூட்டிக்கொண்டு ஓடினோம். நூலகத்துப் பெண் ஏதோ சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, தான் எதையும் பார்க்கவில்லை என்பது போலப் புத்தகம் அடுக்கப் போய்விட்டாள். அட்டை எண், பிறந்த தேதி, இரண்டு மாத்திரை, மருந்துக்கடை என்று என் விரல்கள் பறந்தன. ஒரு திட்டம் மலிவாக வந்தது, ஆனால் அதற்குப் பிடித்த மருந்துக்கடை எங்கேயோ நகரத்தில் இருந்தது. இன்னொன்று சற்றுக் கூட, நம் ஊர்க் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். இரண்டையும் சொன்னேன். "நம்ம ஊர்லயே" என்றார் ஆர்வில். அவர் கையெழுத்துக்குப் பதிலாகப் பொத்தானைத் தட்ட வேண்டிய இடத்தைக் காட்டினேன். அந்தப் பெரிய விரலால், முட்டையைத் தொடுவது போலத் தட்டினார். சேர்ந்தாகிவிட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது. ஜனவரி முதல் தேதியிலிருந்து காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, விலையைப் பார்த்து விழுங்க வேண்டாம். அதுவரைக்கும் டாக்டரிடம் சொல்லி இன்னொரு டப்பா வாங்கித் தருவது என் பொறுப்பு என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன். "நீங்க சேர வேண்டிய வயசுல சேராம விட்டதுக்கு அபராதம் உண்டு. மாசா மாசம் கூடக் கொஞ்சம் கட்டணும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"உயிரோட இருக்கற வரைக்கும்."

"லேட்டானதுக்கா?"

"லேட்டானதுக்குத்தான்."

அவர் யோசித்தார். காலடியில் நாய் படுத்துக்கொண்டு பெருமூச்சு விட்டது. "மத்ததுக்கும் அபராதம் உண்டா?" என்றார்.

எங்கள் வழக்கத்தில் கிடையாது, மறுத்தவள் கேட்கக்கூடாது. ஆனால் நான் கேட்கவில்லையே, கேட்டதற்குப் பதில்தானே சொல்கிறேன். "உண்டு" என்றேன். "ரெண்டு வருஷமா நான்தான் கட்டிக்கிட்டிருக்கேன்."

மார்லிஸ் தட்டுவதை நிறுத்திவிட்டாள். ஆர்வில் எழுந்து நின்றார். தொப்பியைப் போட்டார், கழற்றினார். "இன்னிக்கு வெள்ளிக்கிழமை" என்றார். "பைன் பாயிண்ட்ல மீன் இருக்கும். போலாமா?"

இரண்டு வருஷமாக நான் காத்திருந்த இரண்டாவது தடவை அது. எத்தனை விதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருப்பேன், பாத்திரம் தேய்க்கும்போது, முடி வாரும்போது. என் வாய் இருக்கிறதே, எழுபது வருஷமாக ஒரே தடத்தில் ஓடின வாய், என்னைக் கேட்காமல் தானாகத் திறந்தது. "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்றது.

மார்லிஸ் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆர்வில், "சரி" என்றார். மாத்திரை டப்பாக்களைப் பையில் போட்டார், வெர்னா ஹால்வர்சனுடையதையும் எடுத்துப் போட்டார், நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு கதவுவரை நடந்தார். எழுந்து ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுக்கலாம் என்றால் என் கால் அந்த மேஜைக்கடியில் மரத்துப்போயிருந்தது. இவ்வளவு பெரிய என் உடம்பில் ஒரு சின்ன வாயை அடக்கத் தெரியாமல் போயிற்றே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

கதவைத் திறந்து பிடித்தபடி அவர் நின்றார். குளிர் உள்ளே வந்து மேஜைமேல் இருந்த காகிதங்களைப் புரட்டியது. வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு, விரலை மடக்கி எதையோ எண்ணினார். சந்தைக்கு அனுப்பும் கன்றுகளை அவர் அப்படி எண்ணி நான் பார்த்திருக்கிறேன்.

"இது ரெண்டாவது தடவைதானே?" என்றார்.

"ஆமா" என்றேன்.

"எங்கம்மா இருந்தப்ப சொல்லுவாங்க. மாட்டோட கிடந்து மறந்தே போச்சு." திரும்பி என்னைப் பார்த்தார். இந்தத் தடவை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "அப்ப இன்னும் ஒண்ணு பாக்கி. வெர்னா, மீன் சாப்பிட..."

"வரேன்" என்றேன். அவரை முடிக்க விடவில்லை.

"போடி, போ, கம்ப்யூட்டர நான் அணைச்சுக்கறேன்" என்று மார்லிஸ் என் கோட்டைத் தூக்கி எறிந்தாள். பிறகு தாங்க முடியாமல், "எனக்கு ஜூலைலயே தெரியும். மருந்துக்கடைல என் பக்கத்துல நின்னுதான் அந்த டப்பாவ வாங்கினாரு. எப்படி அடக்கி வெச்சிருந்தேன் தெரியுமா? விதி இருக்குல்ல, விதி!" என்றாள். மருந்துக்கடை வரிசைக்கு எந்த விதியும் கிடையாது என்று அவளிடம் சண்டை போட அப்போது எனக்கு நேரமில்லை.

வண்டியில் ஒரே ஒரு நீள இருக்கைதான். நாய் முதலில் ஏறவில்லை, நானும் ஆர்விலும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வைத்தோம். ஏறினதும் அது நடுவில் உட்கார்ந்துகொண்டது. நான் ஜன்னல் பக்கம் ஒடுங்கிக்கொண்டேன். தெருவில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. எனக்கு நல்ல பசி. வறுத்த மீன், கம்பு ரொட்டி, கோஸ் சாலட், முடிந்தால் ஒரு பிராந்தி என்று மனதுக்குள் சாப்பிடத் தொடங்கிவிட்டேன். ஏரிக்கரைத் திருப்பத்தில் நாய் ஜன்னலைப் பார்க்க வேண்டுமென்று என் மடிமேல் ஏறி அந்தப் பக்கம் வந்துவிட்டது. நான் நகர்ந்து நடுவில் மாட்டிக்கொண்டேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து பின்னால் பார்க்கிற கண்ணாடியை மறைத்திருப்போம்போலிருக்கிறது. ஆர்வில் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"வெர்னா, கொஞ்சம் நகந்து உக்காரு. பின்னாடி வர்றது தெரியல."

இருவருமே நகர்ந்தோம். அது ஜன்னல் பக்கம், நான் அவர் பக்கம்.